செங்காய்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு இந்தப் பக்கம்
ஜூஸ் கடைக்கும் ஹெல்மெட் கடைக்கும் நடுவில்
நாலாயிரத்து எழுநூறுக்கு வாங்கினேன்.
கம்பெனி பெயர் வோரிக்கோ.
எந்த ஊர் வோரிக்கோ என்று
எனக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது.
‘பெரிய கம்பெனின்னா பேருக்கே பத்தாயிரம் போயிடும்ணா,
உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் ஒண்ணுதான்.’
அட்டைப்பெட்டியில் எட்டு ஜிபி என்று போட்டிருந்தது.
எட்டு மட்டும் பச்சையில்.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான்.
மேல் வரிசையைப் பார்த்தே
நாலாம் வரிசையைச் சொல்லிவிடுவேன்.
பெரிய பழத்தை மேலே அடுக்கி
கோலிக்குண்டை அடியில் கொட்டினால்
எங்களுக்குள் அதற்கு ‘முகம் வைக்கிறது’ என்று பேர்.
முகம் வைத்த பெட்டிகளை
நானே ஏலத்தில் எத்தனையோ தள்ளியிருக்கிறேன்.
இருந்தும் அன்றைக்கு
பச்சை எட்டைப் பார்த்துக்கொண்டே பணத்தை எண்ணினேன்.

முதல் வாரம் குறை சொல்ல முடியாது.
விடிகாலை ஏலத்தில் விரல் வைத்தால்
ஒரு மூச்சு யோசித்துவிட்டுத் திறக்கும்
(அந்த நேரத்தில் நானும் அப்படித்தான்).
எட்டரைக்கு சார்ஜ் தீரும்.
ஒயரைத் தராசுக் காலில் கட்டிவைத்தேன்,
மேய்கிற கன்றைக் கட்டுகிற மாதிரி.
எடை, பெட்டி, கூலி, கமிஷன்
எல்லாம் ஒழுங்காகக் கூட்டியது.

இரண்டாம் வாரம்
விழுப்புரம் சகாயராஜ் போட்டோ கேட்டார்.
முனிரத்தினம் தோட்டத்து லோடு, அறுபத்து நாலு பெட்டி,
தொட்டால் விரலில் ஒட்டுகிற சிவப்பு.
டேப்பைத் தூக்கிப் பிடித்து எடுத்தேன்.
திரையில் எல்லாம் வெளுத்து, மஞ்சள் ஓடி,
நேற்றுப் பறித்த செங்காய் மாதிரி தெரிந்தது.
சகாயராஜும் செங்காய் என்றே பார்த்தார்.
‘ரெண்டு நாள் தாங்கும்’ என்று
பெட்டிக்கு முப்பது ரூபாய் கூட்டிப் போட்டார்.
முனிரத்தினம் பக்கத்தில் நின்று
துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
என் பாக்கெட்டில் போன் இருந்தது,
நல்ல கேமரா.
எடுக்கவில்லை.

ஊத்தங்கரை தாண்டி டயர் வெடித்து
வண்டி ஒரு மதியம் முழுக்க வெயிலில் நின்றதாம்.
இறக்கும்போது அடி வரிசை ரசம்.
‘போட்டோவுல செங்காய்தானே காட்டினே?’
‘டேப் மட்டம்ணா, நிறம் சரியா வராது.’
கொஞ்ச நேரம் அங்கே லாரி சத்தம் மட்டும்.
‘அது தெரிஞ்சுதானே தம்பி அதுல எடுத்தே?’

அறுபத்து நாலு இன்ட்டு முப்பது,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
என் சம்பளத்தில் கழித்து அனுப்பினேன்.
ஆக டேப்பின் விலை ஆறாயிரத்து அறுநூற்று இருபது.
சகாயராஜ் இப்போதெல்லாம்
போட்டோ கேட்பதில்லை.
ஆளை அனுப்புகிறார். அவன் வந்ததும்
பெட்டியைக் கவிழ்க்கிறான்.
இந்தச் செலவை எந்தக் கலத்தில் எழுதுவது
என்று தெரியவில்லை.

தராசுக்கார மாதேஷ் நேற்றுக் கேட்டான்:
‘நானும் ஒண்ணு வாங்கலாமாண்ணா?’
கூட்ட, கழிக்க, சும்மா ஒரு படம் பார்க்க, வாங்கு என்றேன்.
தக்காளியைக் காட்ட வேண்டாம்.
அவன் அதைத் திருப்பிப் பார்த்தான்.
பின்னால் வோரிக்கோ ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு
கீழே வேறொரு கம்பெனியின் பேர் பாதி எட்டிப்பார்த்தது.
‘உரிக்கட்டுமா?’ நகத்தை வைத்துவிட்டான்.
விடுடா என்றேன்.
நம் பெட்டிகளிலேயே
எவன் எவன் இனிஷியல் மேலோ
நம் பெயிண்ட்டை அடித்திருக்கிறோம்.

ஏல மணி அடித்தது.
முதல் லோடு முப்பத்தேழு பெட்டி.
விரல் வைத்தேன்.
யோசித்தது.
இன்னும் யோசித்தது.
மாதேஷ் வாயாலேயே கூட்ட ஆரம்பித்துவிட்டான்.
அவன் முடிப்பதற்குள் தொகை வந்தது,
பைசா பிசகாமல்.